அட்சதை விழும்வரை கெட்டிமேளம்

“மூச்சை இழுத்துப் பிடிங்க, யாரும் அசையாதீங்க” என்று நம்பிராஜன் மணமேடைக்குக் கீழே நின்று கத்தியபோது மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான், ஐயர் கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டிவிட்டிருந்தார், மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் கையிலிருந்தும் அட்சதை கிளம்பிவிட்டிருந்தது. கத்தல் கேட்டு அத்தனை பேரும் மணமக்களை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துத் திரும்பினார்கள், பல்லைக் காட்டினார்கள், வயிற்றை உள்ளே இழுத்தார்கள். அவன் சொன்னபடி மூச்சைப் பிடித்தார்களா என்பது தெரியாது. அரிசி பிடித்துக்கொண்டது. பூவிதழ்கள் வழக்கம்போல விழுந்தன. மஞ்சள் அரிசி மட்டும், எறிந்த கைக்கும் சேரவேண்டிய தலைக்கும் நடுவே, அதது எட்டியிருந்த இடத்தில் அப்படியே நின்றது.

தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது நம்பிராஜனின் வேலை. அந்த அறைக்குள் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது; எப்பேர்ப்பட்ட ஆளும் சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பலகையில் ஒட்டிவைத்து, அவன் விடச்சொல்லும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். கல்யாண வீடுகளில்தான் அவன் சொல்லி எதுவும் நடப்பதில்லை. கேமரா வாங்கிய நாளிலிருந்து சொந்தத்தில் ஒரு கல்யாணத்தையும் விடாமல் போய் எடுத்துப் பழகினான். புளியங்குடியில் தாலி கட்டும் நேரத்தில் யாரோ ஒருவருடைய முதுகை எடுத்தான், கடையத்தில் மாப்பிள்ளையைக் கழுத்துக்குக் கீழே மட்டும் எடுத்தான், மற்றபடி அவன் படங்களில் எல்லோரும் எலும்பு முறிந்து வந்தவர்களைப்போல நேராகவும் கவலையாகவும் நின்றார்கள். தங்கை குழல்வாய்மொழியின் கல்யாணத்துக்கு ஸ்டுடியோவிலிருந்து ஆள் வைக்கலாம் என்று அப்பா சொன்னபோது, வேண்டாம் என்றது குழலிதான். “அண்ணனே எடுக்கட்டும்ப்பா. தலையை வெட்டினாலும் நம்ம வீட்டு ஆளு வெட்டினதா இருக்கும்.”

இப்போது அந்தத் தலைக்கு ஒரு சாண் மேலே அட்சதை நின்றுகொண்டிருந்தது. நம்பி கேமராவை இறக்கி, தொழில் பழக்கத்தில், “மூச்சை விடலாம்” என்றான். மண்டபம் மூச்சை விட்டது. அரிசி விடவில்லை.

“நிறுத்தலாமா சாமி?” என்று தவில்காரர் பிச்சையா, கையை நிறுத்தாமலே ஐயரைக் கேட்டார்.

ஐயர் மேலே பார்த்தார், சுற்றிப் பார்த்தார். “அட்சதை விழுந்தப்பறம்தானே ஓய் கெட்டிமேளத்தை நிறுத்தறது? வாசியும்.”

பிச்சையா வாசித்தார். அவர் கை ஓய்ந்தபோது அவர் தம்பி வாசித்தான், தம்பி இட்லி சாப்பிடப் போனபோது மறுபடி அவர் வாசித்தார், நாதஸ்வரக்காரர் மட்டும் மாற்று ஆள் இல்லாமல் கன்னம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதம் பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எது முடிந்தது, எது முடியவில்லை என்பதில் கறாரானவர். அவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். “தாலி ஏறிட்டு, சரி. ஆசீர்வாதம் எறங்கலையே. வெளக்கு வைக்கதுக்கு முன்ன பொண்ணு எங்க வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கணும், அதுதான் குறிச்ச நேரம். அதுக்குள்ள விழுந்தா நல்லதாப் போச்சு. விழலேன்னா, இன்னொரு நாள் வச்சுப் பாத்துக்கிடுவோம்.”

இன்னொரு நாள் என்றால் என்ன என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலாயுதத்தின் தங்கை, இலஞ்சியில் கட்டிக்கொடுத்ததால் இலஞ்சி அத்தை என்று பெயர் பெற்றவள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் வேணிதான் மாப்பிள்ளை நயினாருக்கு முறைப்பெண், அவனுக்கு அவள்தான் என்று சின்ன வயதிலிருந்தே பேசிவைத்தது, போன வருஷம் நயினார் தானாகவே குழலியைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் வந்து சொல்லும்வரை அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இலஞ்சி அத்தை நிமிர்ந்து பார்த்துத் தன் கைப்பிடி அரிசி எது என்று கண்டுகொண்டாள். மணமக்களின் உச்சிக்கு நேர் மேலே, எல்லாவற்றிலும் கிட்டத்தில், கெட்டியாக ஒரு கொத்தாக நின்றது அது. சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு அவள் மறுபடி வசதியாக உட்கார்ந்தாள்.

மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் சுண்டுவிரல் கோத்தபடி உட்கார்ந்தே இருக்கவேண்டியதாயிற்று. கீழே, ஒரு மணி நேரத்துக்குள், அட்சதை நிற்கிறது என்பது மின்சாரம் இல்லை என்பதைப்போல ஆகிவிட்டது. ஒட்டடைக் கம்பால் தள்ளிப் பார்த்தார்கள், அரிசி விலகிக்கொடுத்துவிட்டுத் திரும்பத் தன் இடத்துக்கே வந்தது. மின்விசிறியை வேகமாக வைத்துப் பார்த்தார்கள், கம்பங்கதிர்போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்குமேல் யாரும் சோதிக்கவில்லை. குனிந்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். ஆயுசில் யாருக்கும் தலை வணங்காத வேலாயுதம் கை கழுவப் போகும்போதெல்லாம் ஊரில் உள்ள எல்லோருக்கும் கும்பிடு போடுகிறவர்போலப் போய்வந்தார். வாசலில் கிடக்கும் செருப்புக் குவியலில் தன் செருப்பை அறிவதுபோல ஒவ்வொருவருக்கும் தன் அரிசி எது என்று தெரிந்திருந்தது, அதனால் பல வருஷமாக வெளியே வராதவை வெளியே வந்தன. பின்வரிசைக்காரர்கள் போட்ட அட்சதை எந்தக் காலத்திலும் மணமக்களைத் தொட்டதில்லை, முன்வரிசையின் வழுக்கைத் தலைகளைத்தான் இத்தனை கல்யாணங்களிலும் ஆசீர்வதித்து வந்திருக்கிறது என்று தெரிந்தது. மேலப்பாவூர் சித்தப்பாவின் அரிசி அவர் மூக்குக்கு முன்னாலேயே நின்றது. “போட்டீரா, கீழ விட்டீராவே?” என்று அவர் மச்சினர் கேட்டதற்கு, தோள்பட்டை வலி என்று அவர் சொன்னார். நம்பிதான் எக்ஸ்ரே எடுத்தவன், தோளில் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும், அவன் சொல்லவில்லை.

அவனுக்கு வேறு கவலை. மண்டபமே அவனைப் பார்த்து, நிறுத்தினவன் நீ, விழவைக்கவேண்டியவனும் நீ என்று ஒரே முடிவுக்கு வந்திருந்தது. அப்பா கிட்டத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “நல்லா ஒரு படம் எடுலே, அதுக்காகத்தான் நிக்கோ என்னவோ” என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் எடுத்தான். மணமேடையில் ஏறி எடுத்தான், இறங்கி எடுத்தான், மாப்பிள்ளையின் கையைத் தாலிக்கயிற்றிலேயே வைக்கச்சொல்லி எடுத்தான், முகத்தை இந்தப் பக்கம், நாடியைக் கொஞ்சம் மேலே என்று சொல்லிச் சொல்லி எடுத்தான். ஒரு அரிசி அசையவில்லை.

“என் மூஞ்சியையே எத்தனை தடவைண்ணே எடுப்ப?” என்றாள் குழலி. பிறகு அவன் மாலையைச் சரிசெய்யக் குனிந்தபோது காதோரமாகச் சொன்னாள். “வெளக்கு வைக்கதுக்குள்ள எதாவது பண்ணு. எனக்கு இவுகளைப் பிடிச்சிருக்கு. இன்னொரு நாள்னா அந்த நாள் வராது, பாத்துக்க.”

பக்கத்தில் இருந்த நயினார் கேட்காதவன்போல அக்னியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மட்டும் சிவந்தது. அதை நம்பி பார்த்தான், எடுக்கத் தோன்றவில்லை.

முதல் அரிசி விழுந்தது அவன் தவறால்தான். கீழே வந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விரல் பட்டுவிட்டது. கேமரா பார்த்துக்கொண்டிருந்த திசையில், ஒரு தூணுக்குப் பின்னால், அவன் தாய்மாமன் செவல்குளம் மாமா வேட்டிக்குமேல் கட்டியிருந்த புது பெல்ட்டை இரண்டு துளை தளர்த்திவிட்டு, கண்ணை மூடி, மோட்சம் கண்டவராக நின்றிருந்தார். எங்கோ ஒன்பதாவது வரிசைக்குமேல் பொலபொலவென்று ஒரு சத்தம். கீழே இருந்த ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் தலையைத் தடவிப் பார்த்தார். மாமா கண்ணைத் திறந்து அண்ணாந்து, “நம்ம அரிசில்லா அது” என்றார்.

இரண்டாவது விழுந்தது கை கழுவுமிடத்துக் கண்ணாடியில் மீசையைத் தடவிக்கொண்டிருந்தவருக்கு. மூன்றாவது, தூங்கும் பிள்ளையின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு. அதற்குமேல் நம்பிக்கு விளங்காமல் இல்லை. போட்டுவிட்டுக் கேமராவுக்காகத் திரும்பியவர்களின் அரிசி, அவர்கள் கேமராவை மறந்திருக்கும் ஒரு நொடியில் அகப்பட்டால் விழுந்தது. அவனுக்கு விளங்கிய அதே வேகத்தில் மண்டபத்துக்கும் விளங்கிவிட்டது. அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

எல்லோரும் இயல்பாக இருக்க ஆரம்பித்தார்கள். அவன் தலை தெரிந்ததும், பேசிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் சத்தமாகப் பேசினார்கள், சிரிக்காதவர்கள் சிரித்தார்கள், பெண்கள் ஒருவர் தலையில் இன்னொருவர் இல்லாத பேனைப் பார்த்தார்கள். வேலாயுதம் ஒரு நாற்காலியில் சாய்ந்து, கன்னத்தில் கைவைத்து, தொலைதூரத்தைப் பார்த்தபடி, “நான் பாட்டுக்கு யோசிச்சுக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு எடு” என்றார்.

“என்ன மாமா யோசிக்கீங்க?”

“எல்லாம் பொதுவாத்தான்.”

எடுத்தான், விழவில்லை. “இன்னும் கொஞ்சம் ஆழமா யோசிக்கட்டுமா?” என்று கேட்டார் அவர். வேண்டாம் மாமா, முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு நம்பி கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான். அந்தச் சொல்லைக் கேட்டதும் வேலாயுதத்தின் தோள் இறங்கியது, வயிறு வெளியே வந்தது, பாயசம் இன்னும் இருக்குமா என்று பந்திப் பக்கம் அவர் கண் போயிற்று, அந்தக் கண்ணில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நம்பியின் விரல், இடுப்புப் பக்கத்தில், தானாக அழுத்தியது. மணமேடை ஓரத்தில் பொலபொலவென்றது.

ஸ்கேன் சென்டரில் இத்தனை வருஷமாக, மூச்சை விடலாம் என்று சொன்ன கையோடு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்க்கப் போய்விடுவான். அவன் பார்க்காமல் விட்ட அந்த நொடியில்தான் மனிதர்கள் அவரவர் முகத்துக்குத் திரும்பிவந்திருக்கிறார்கள். அதன்பிறகு அவன் யாரையும் அசையாதீங்க என்று சொல்லவில்லை. நிற்கவைத்து ஒரு பொய்ப்படம் எடுத்தான், முடிந்தது என்று சொல்லி, அவர்கள் முடித்துக்கொண்டதை எடுத்தான். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமலே எவ்வளவு தூரத்தில் எது படத்துக்குள் வரும் என்று இடுப்பால் தெரிந்துகொண்டான். பந்தியில் ஐட்டம் வரும் திசையைப் பார்க்கும் முகங்களை, பாயசம் தன் இலையைத் தாண்டிப் போனவரின் முகத்தை, தான் வாங்கிவந்த பரிசுப்பொட்டலத்தைவிடப் பக்கத்துவீட்டுக்காரர் கொண்டுவந்தது பெரிதாக இருப்பதைக் கண்டவரின் முகத்தை எல்லாம் எடுத்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பிடி அரிசி இறங்கியது. அரிசி விழுந்தவர்கள் ஓட்டுப்போட்டு வந்தவர்கள்போல நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார்கள், விழாதவர்களை “இன்னும் உமக்கு விழலையாக்கும்?” என்று நிறுத்தி விசாரித்தார்கள், மேலப்பாவூர் சித்தப்பாவுக்கு விழுந்தபோது அவர் மூக்குக்கு முன்னிருந்து நேராக அவர் கால்விரல்மேலேயே விழுந்தது.

வெயில் சாயும் நேரத்தில் ராத்திரி ரிசப்ஷன் வைத்திருந்த அடுத்த கல்யாணத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். மண்டப மேனேஜர் திரவியம் வாசலுக்கு ஓடினார். வந்த பெண்மணி, செருப்பைக்கூடக் கழற்றாமல், மணமேடைக்குமேல் மிச்சமிருந்த அரிசியைத்தான் பார்த்தாள்.

“டெக்கரேஷன் யாரு பண்ணது? எங்களுக்கும் இதே மாதிரி வேணும். நீங்க போனுல சொல்லவே இல்லையே.”

“இது காலையில போட்டதும்மா” என்றார் திரவியம். “பழசு. கழட்டப் போறோம்.”

மிச்சமிருந்தது ஒரு பிடிதான். இலஞ்சி அத்தையினுடையது.

காலையிலிருந்து அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிடப் போகவில்லை, சாப்பிடும்போது யாரும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்று அவளுக்குத் தெரியும். முழங்கால்மேல் கையை வைத்து, முதுகை நாற்காலியில் படவிடாமல், உதட்டில் அளந்து வைத்த ஒரு சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். நம்பி வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிந்தான், மாடியில் ஏறினான், குத்துவிளக்கை எடுப்பவன்போல நடித்தான், முடிந்தது பெரியம்மா என்று சொல்லிப் பார்த்தான். எங்கிருந்து பார்த்தாலும் அவள் லென்ஸுக்குள் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரேவுக்கு நின்றிருந்தால் ஒரே தடவையில் பிரமாதமாக வந்திருக்கும்.

ஜன்னல்களில் வெளிச்சம் மஞ்சளானது. வேலாயுதம் கடிகாரத்தைப் பார்த்தார். பிச்சையாவின் தவில் கெட்டிமேளம் என்று சொல்லமுடியாத அளவுக்கு, யாரோ கதவைத் தட்டுவதுபோல ஆகியிருந்தது. குழலி மேடையிலிருந்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள், நயினாரின் விரலைப் பிடித்திருந்த அவள் விரல் வெளுத்துப்போயிருந்தது. நம்பி வந்து இலஞ்சி அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கேமராவைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்தான்.

“சாப்பிடலையா பெரியம்மா?”

“கல்யாணம் முடியட்டும், பொறவு முறை சொல்லு” என்றாள் அவள், சிரிப்பைக் கலைக்காமல்.

“விழக்கூடாதுன்னா எதுக்குப் போட்டீங்க?”

“அத்தனை பேரும் பாக்காகளே. கையைக் கட்டிக்கிட்டா இருக்க முடியும்? போட்டேன். விழணும்னு போடலை.” குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “எம் மவ மூஞ்சியை நாளைக்கும் நான் பாக்கணும்லா. உனக்குக் குறிச்சு வச்ச எடத்துல இன்னொருத்தி உக்காந்தா, நானே அவ தலையில அட்சதை போட்டு வந்தேன்னு எம் மவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

நம்பி கை சும்மா இருக்க முடியாமல், கேமராவின் பின்பக்கத் திரையில் அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். இலஞ்சி அத்தை கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் சாய்த்துப் பார்த்தாள்.

“எங்க அண்ணனா அது? மனுசன் மாதிரி இருக்கானே.”

“பாயசத்தை நெனச்சுக்கிட்டிருந்தாக.”

“கொண்டா பாப்போம்.”

கேமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எந்தப் பொத்தானை அழுத்தினால் அடுத்த படம் வரும் என்று அவன் காட்டினான். அவள் அழுத்தினாள், உச்சுக்கொட்டினாள், இவ வளையலை அடகு வச்சிட்டான்னு சொன்னாங்க, போட்டிருக்காளே என்றாள், மறுபடி அழுத்தினாள். பிறகு அழுத்தவில்லை.

திரையில் வேணி இருந்தாள். பந்திக்கூடத்துக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த சந்தில், போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கைநகத்தால் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு, எதிரில் இல்லாத யாருக்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இது எப்ப எடுத்தது?”

“மத்தியானம். ரெண்டாம் பந்தி நடக்கையில.”

“யாருகூடப் பேசுதா?”

“கேக்கலை. சிரிச்சா, எடுத்தேன். அவ அரிசி அப்பவே விழுந்திட்டு.”

இலஞ்சி அத்தை படத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். காலையிலிருந்து பூட்டி வைத்திருந்த சிரிப்பு அவள் உதட்டிலிருந்து இறங்கியது, பிறகு கன்னத்திலிருந்து, பிறகு கழுத்திலிருந்து. முதுகு நாற்காலியில் சாய்ந்தது. கோபம் இருந்தது அந்த முகத்தில். ஊர் ஊராகத் தூக்கிச் சுமந்த ஒன்றை அதற்குரியவளே எப்போதோ இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள் என்று கண்டவளின் அசதியும் இருந்தது. அசதிக்கு அடியில், மறைக்க நேரமில்லாமல், ஒரு சின்னச் சிரிப்பும் வந்தது, திரையில் இருந்த சிரிப்பு அது, அச்சு அசல். நம்பியின் கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போயிற்று. அங்கே கேமரா இல்லை. அவன் வாழ்க்கையில் எடுத்திருக்கக்கூடிய நல்ல படம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, கேமரா அதன் கையில் இருந்தது. வேறு வழியில்லாமல் அவன் பார்த்தான். எதையும் நடுவில் வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மேலே கொத்தாக நின்ற அரிசி விட்டுக்கொடுத்தது.

பிச்சையாவின் கை அந்தரத்தில் நின்றது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோன அதிர்ச்சியில் இலஞ்சி அத்தைக்குத் தூக்கிவாரிப்போட, அவள் விரல் எந்தப் பொத்தான்மேல் இருந்ததோ அது அழுந்தியது. திரை அவளைப் பார்த்திருந்தது, லென்ஸ் மேடையைப் பார்த்திருந்தது. அரிசி பாதி வழியிலும், பாதி குழலியின் நெற்றிச்சுட்டியில் தெறித்தும் இருக்க, அவள் கண்ணை மூடி வாய்விட்டுச் சிரிக்க, நயினார் அவள் தலைக்குமேல் குடைபிடிப்பதுபோல உள்ளங்கையை விரித்திருக்கும் படம் அது. இன்றைக்கும் நயினார் வீட்டு நடுக்கூடத்தில் அதுதான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் நம்பியைப் பாராட்டுகிறார்கள். அவனும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

விளக்கு வைக்க நேரம் நெருங்கிவிட்டிருந்ததால் யாரும் நின்று வியக்கவில்லை. மரத்துப்போன காலோடு மணமக்களை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் காருக்குக் கொண்டுபோனார்கள், வேலாயுதம் குனிந்துகொண்டே பின்னால் ஓடினார், இனிக் குனியவேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த கல்யாணத்துப் பெண்மணி, தரையில் கிடந்த அரிசியைப் பார்த்து, அதை எப்படி மறுபடி மேலே ஏற்றுவீர்கள் என்று திரவியத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இலஞ்சி அத்தை, சாப்பிடாமல் எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மூடிய பந்திக்கூடத்தைத் திறந்து இலை போட்டார்கள். அவளுக்கு ஒன்று, துணைக்கு உட்கார்ந்த வேணிக்கு ஒன்று, எதிரில் நம்பிக்கு ஒன்று. நம்பி தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். ரசம் வந்தபோது பரிமாறியவர் தாராளமாக ஊற்றிவிட்டார், சோற்றுக்கரை உடைந்து அது வேணியின் இலைவிளிம்பைத் தாண்டி, மேசையில் அவள் போன் அதிர்ந்துகொண்டிருந்த பக்கமாக ஓடியது. வேணி அப்பளத்துக்காகத் திரும்பியிருந்தாள். இலஞ்சி அத்தை இடதுகையால் போனை எடுத்து, முந்தானையில் துடைத்து, பெயரைப் பார்க்காமல், மகளின் கைக்கு எட்டும்படி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, மோர் கேட்டாள்.